தாமரைக் கிடங்கு

தங்கச்சியின் வீட்டுச் சுவருக்கு மண் எடுத்த கிடங்கு என் வீட்டு வளவில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மூத்தவள் என்பதால் பழைய வீடு எனக்கு வந்தது. தங்கச்சிக்கு வாப்பா பக்கத்துக் காணியில் புதிதாக ஒன்று கட்டினார். கல்முனையில் கடற்கரைப் பக்கம் போனால் வெறும் மணல். எங்கள் வளவு ஊரின் மேற்கு ஓரம், வயல் தொடங்குகிற இடம். முழங்கால் ஆழத்துக்கு மணலை அள்ளினால் கீழே கறுப்புக் களி வரும். அதை வெட்டி மிதித்துக் கல் அறுத்துத்தான் அவள் வீட்டுச் சுவர் எழும்பியது. வீடு குடிபுகுந்து ஆறு மாதத்தில் வாப்பா மௌத்தானார். உம்மா அதற்கு முன்பே போய்விட்டா. கிடங்கை மூட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. மாரி பெய்தது, கிடங்கு நிறைந்தது.

காலால் எட்டு வைத்து அளந்தால் நீளம் பத்து, அகலம் ஆறு இருக்கும். என் வீட்டுப் பக்கம் சரிவாக இறங்கும். தங்கச்சி வீட்டு வேலிப் பக்கம் செங்குத்து. மாரியில் அந்த மூலையில் ஓர் ஆம்பிளை நின்றால் கழுத்துவரை தண்ணீர் நிற்கும். கோடையில் என் நெஞ்சளவு.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கலியாணம் நடந்து ஆறு வருடம். பிள்ளை இல்லை. என் புருஷன் சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்தார். விதைப்பிலும் அறுப்பிலும் வாரக் கணக்கில் வயல் வாடியிலேயே தங்கிவிடுவார். வீட்டில் நான் தனி. காலையில் முற்றம் கூட்டி, சோறாக்கி, மதியம் லுஹர் தொழுதுவிட்டால் பின்னேரம் அஸர்வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இராது. அந்த நேரத்தில்தான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீரமுனையிலிருந்து ஒரு பெண் தாமரை இலை கொண்டு வருவா. என் வயதுதான் இருக்கும். சந்தையில் இறைச்சிக் கடைக்காரர்கள் இறைச்சி சுற்ற அந்த இலையைத்தான் வாங்குவார்கள். விடியற்காலையில் தலையில் பெரிய கட்டோடு எங்கள் ஒழுங்கையால் போவா. திரும்பும்போது என் வளவு வாசல் கடப்பில் நின்று தண்ணீர் கேட்டுக் குடிப்பா. ஒரு நாள் கிடங்கைக் காட்டி, "இதுக்குள்ள தாமர வளருமா?" என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தா. "களியெண்டா வளரும். வெயிலும் இரிக்கி. ஆனா இது புடிச்சா லேசில விடாது. பாத்துக்கங்க," என்றா.

அடுத்த தடவை ஈரச் சாக்கில் சுற்றி மூன்று கிழங்குத் துண்டுகள் கொண்டு வந்தா. முளை இருக்கிற நுனியை மண்ணுக்குள் தாட்டுவிடக் கூடாது, கிழங்கின் உடம்பை மட்டும் களியில் அமத்தி, மேலே ஒரு கல்லைப் பாரம் வைக்க வேண்டும் என்று சொன்னா. நான் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஆழமாகத் தாட்டேன். மூன்றும் அழுகிப் போயின. அவ சிரிக்கவில்லை. மறுபடியும் மூன்று கொண்டு வந்தா. இந்த முறை சொன்னபடி செய்தேன். சரிவுப் பக்கத்தில், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நிற்கிற இடத்தில் நட்டு, பழைய மாட்டெருவைக் களியோடு உருட்டிப் பக்கத்தில் புதைத்தேன். நுளம்பு பெருகாமலிருக்க வாய்க்காலில் பிடித்த சின்ன மீன்களை விட்டேன். மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தவர்கள்கூட மீனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

முதலில் வந்த இலைகள் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு மாதம் போனதும் தண்டு தடித்து, இலைகள் எழும்பி நிற்கத் தொடங்கின. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கதவைத் திறந்தபோது முதல் பூ விரிந்திருந்தது. ரோஸ் நிறம். தங்கச்சியைத்தான் முதலில் கூப்பிட்டேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியால் புகுந்து வந்தாள். "ராத்தா, வடிவா இரிக்கி," என்றாள். அக்கம்பக்கத்தில், முஸ்லிம் வீட்டில் கோயிலுக்கு வைக்கிற பூ எதற்கு என்று யாரோ கேட்டார்களாம். அதற்குப் பதில் சொன்னதும் அவள்தான். "பூவுக்கென்ன மார்க்கம் தெரியும்?" என்றாளாம்.

அப்போது நாங்கள் அப்படி இருந்தோம்.

அவள் மகள் நடக்கத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. பதினான்கு மாதத்தில் சுவரைப் பிடித்து நடந்தவள், பதினாறு மாதத்தில் வேலிக்குள்ளால் புகுந்து என் வளவுக்கு வந்துவிடுவாள். என்னைப் 'பெரியம்மா' என்று சொல்ல வராமல் 'பீம்மா' என்பாள். வந்தால் நேரே கிடங்குப் பக்கம்தான் போவாள். இலையின் மேல் தண்ணீர் உருண்டோடுவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

"ராத்தா, இந்தக் கிடங்க மூடணும்," என்றாள் தங்கச்சி.

"மூடுவம், மூடுவம். அவர் அறுப்பு முடிஞ்சி வரட்டும்."

அறுப்பு முடிந்து அவர் வந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. சுற்றி வேலி கட்டித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். கம்பு நட்டுக் கட்டினார். நான் இறங்கி ஏற ஓர் ஆள் அகலத்துக்கு வாசல் விட்டு, அதைத் தென்னோலைக் கிடுகால் மறைத்து வைத்தோம். ஆடுகள் இரண்டு இடத்தில் கம்பைச் சாய்த்தன. நான் நிமிர்த்திக் கட்டினேன். மறுபடியும் சாய்த்தன.

தங்கச்சி ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால் பார்ப்பாள். எத்தனை தடவை அந்தக் கிடுகு விலகிக் கிடந்ததென்று அவளிடம் கணக்கு இருந்தது. ஒரு பின்னேரம், கிடுகு கீழே விழுந்து கிடக்க, பிள்ளை அதன் மேல் ஏறி நின்றிருக்கிறது. நான் குசினியில் இருந்தேன். தங்கச்சி ஓடி வந்து தூக்கிக்கொண்டு, குசினி வாசலில் நின்று கத்தினாள்.

"மூடுங்க எண்டு எத்தின தரம் செல்றது? ஒங்களுக்கு இந்தப் பூவா பெரிசு?"

"புள்ளக்கி ஒண்டும் நடக்கல்லத்தானே. ஏன் கத்துற?"

"நடந்தாத்தானா? புள்ள இல்லாத ஆக்களுக்கு இது வெளங்காது ராத்தா."

அவள் சொல்லி முடித்ததும் அவளுக்கே முகம் வெளுத்துப் போனது. அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அப்ப ஒன்ட புள்ளய ஒன்ட வளவுக்குள்ள வச்சிக்க," என்றேன்.

இருபது நாள் நாங்கள் கதைக்கவில்லை. இருபது நாளும் பிள்ளை வந்துகொண்டுதான் இருந்தது. அது வரும், நான் தூக்கி, வேலிக்கு மேலால் நீட்டுவேன், தங்கச்சி வாங்குவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

பிறகு அவளுக்கு இரண்டாவது வயிற்றில் வந்தது. முதல் மூன்று மாதமும் ஓயாமல் சத்தி, குடித்த தண்ணீரும் தங்காது. அவள் புருஷனுக்கு பசாரில் தையல்கடை. காலையில் போனால் அந்தி மஃரிபுக்குத்தான் வருவார். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஓங்களிப்பது எனக்குக் கேட்கும். மூன்றாம் நாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். குடித்தாள். அதோடு கதைக்கத் தொடங்கினோம். ஆனால் கிடங்கைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கேட்காததே எனக்குப் பயமாக இருந்தது. மூடுவதாக நானே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையிலும் புதிதாக ஒரு மொட்டு எழும்பி நின்றது.

அந்த நாள் கடுங் கோடை. தண்ணீர் வற்றி, சரிவுப் பக்கம் கணுக்கால் அளவுக்குத்தான் நின்றது. ஆழப் பக்கம் மட்டும் இன்னும் நெஞ்சளவு நின்றது. கிழங்குகள் ஒன்றன்மேலொன்று ஏறிச் சிக்கிக் கிடந்தன. கொஞ்சத்தைப் பிடுங்கி எடுக்காவிட்டால் பூ சிறுத்துவிடும் என்று இலைக்காரி சொல்லியிருந்தா. நான் காலையிலேயே இறங்கியிருந்தேன்.

பத்து மணி இருக்கும். தங்கச்சி ஒரு கையில் உடுப்பு மூட்டையும் மறுகையில் பிள்ளையுமாக வந்தாள்.

"ராத்தா, கிணத்தடிக்குப் போயிட்டு வாறன். இவளக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"ஓம், விட்டுட்டுப் போ."

மாமரத்தின் கீழே பாயை விரித்துப் பிள்ளையை இருத்தினாள். நாலைந்து சிரட்டையைக் கொடுத்தாள். ஒரு நிமிடம் நின்று என்னைப் பார்த்தாள். நான் கிடுகை எடுத்து வாசலில் சாத்திக் காட்டினேன். போனாள்.

பிள்ளை சிரட்டையைச் சிரட்டையில் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை பிள்ளை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நான் குனிந்து களிக்குள் கையை விட்டேன். ஒரு கிழங்கு அகப்பட்டது. இழுத்தால் வரவில்லை. அது என் முழங்கை நீளத்துக்கும் மேலே போய், இன்னொன்றுக்கு அடியில் புகுந்திருந்தது. முறியாமல் எடுக்க வேண்டும் என்று இரண்டு கையாலும் களியைத் தோண்டித் தோண்டி அதோடு போனேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கடைசியில் அது முறிந்துவிட்டது. 'சீ' என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தேன்.

சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் வெறுமையாகக் கிடந்தது. கிடுகு சரிந்து கிடந்தது. எனக்கு நாலு முழத்துக்கு அப்பால், ஆழப் பக்கம் போகிற ஓரத்தில், ஒரு சிரட்டை மிதந்தது.

"மகள்!" என்றேன். மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். வீட்டைச் சுற்றி ஓடிவிட்டு வந்தேன். கடப்புப் பக்கம் ஒருவரும் இல்லை. மறுபடி சிரட்டையைப் பார்த்தேன். அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

தண்ணீருக்குள் இறங்கினேன். தாமரை அடர்ந்த தண்ணீரில் மேலேயிருந்து ஒன்றையும் காண முடியாது. இலைக்கு மேல் இலை. நான் கிளறிவிட்ட களியில் தண்ணீர் கறுத்துப்போய்க் கிடந்தது. கைகளை அடிக்கு விட்டு அள்ளினேன், தண்டுகள்தான் வந்தன. காலால் தேடினேன். தண்டுகளில் இருக்கிற சிறு முட்கள் தொடையையும் கையையும் பிறாண்டின. ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் காலில் ஏதாவது மெத்தென்று தட்டுப்பட வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டேன். தட்டுப்படக் கூடாது என்றும் கேட்டேன். ஓர் இடத்தில் தட்டுப்பட்டது. குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். அழுகிய கிழங்குக் கட்டை.

எனக்கு நீந்தத் தெரியாது. ஆழப் பக்கம் போனேன். தண்ணீர் இடுப்புக்கு ஏறி, நெஞ்சுக்கு ஏறியது. அடியில் களி காலை இழுத்தது. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது போலும். "யா அல்லாஹ், புள்ள! புள்ள தண்ணிக்குள்ள!" என்று நான் கத்தியது பள்ளிவாசல்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பள்ளி மதிலுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்த நாலு பேர் ஓடி வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் முக்காடு இல்லாமல் வந்து நின்று நெஞ்சில் அடித்தா. வந்தவர்கள் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் பாத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் சிரட்டையைக் காட்டினேன். அவர் அதற்கு நேரே மூழ்கினார். வெறுங்கையோடு எழும்பினார். மறுபடியும் மூழ்கினார்.

"எலைய அறுத்து எறிங்கடா, ஒண்டும் தெரியிதில்ல!"

அறுத்தார்கள்; இழுத்தார்கள். இலையும் மொட்டும் தண்டும் கரையில் வந்து விழுந்தன. இரண்டு வருடம் வளர்த்தது. அதைப் பார்த்தபோது எனக்கு, கெதியாக அறுங்கள், எல்லாவற்றையும் அறுங்கள் என்றுதான் இருந்தது. ஒருவர் மண்வெட்டியால் வயல் பக்கத்து வரம்பை வெட்டினார். தண்ணீர் பள்ளத்தில் கிடந்த வாய்க்காலுக்குப் பாயத் தொடங்கியது. மட்டம் இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறங்க இறங்க என்ன தெரியப்போகிறதோ. மட்டம் முழங்காலுக்கு வந்தது. கை கோத்து, வரிசையாக, அடியைத் தடவிக்கொண்டு போனார்கள்.

அப்போது தங்கச்சியின் புருஷன் வந்து சேர்ந்தார். யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பசாரிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. கரையில் நின்று என்னைப் பார்த்தார். கிடங்கைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அவ எங்க?" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"புள்ளட உம்மா. எங்க அவ?"

ஊரே கூடி நிற்கிறது. நான் போட்ட சத்தத்துக்குப் பள்ளியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நாலு வீடு தள்ளியிருக்கிற கிணற்றடியிலிருந்து அவள் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் சொன்னா: "கிணத்தடியில ஆருமில்லயே. நான் அங்கயிருந்துதான் ஓடி வந்தன்."

கடப்பின் ஓரத்தில் உடுப்பு மூட்டை கிடந்தது. முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. உடுப்புகள் காய்ந்தபடியே இருந்தன.

அவர் வேலியைத் தாண்டித் தன் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், களியும் தண்ணீரும் ஒழுக. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். கூப்பிட்டார். தோளால் மோதப் போகையில் தாழ் விலகும் சத்தம் கேட்டது.

தங்கச்சி நின்றாள். தோளில் பிள்ளை. நல்ல நித்திரை. வாயோரத்தில் பால் ஒழுகிக் காய்ந்திருந்தது.

அவர் பிள்ளையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். ஒருவர் அழுதார். "என்ன புள்ள, இவ்வளவு சத்தமும் ஒனக்குக் கேக்கல்லியா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டா.

"தலச்சுத்து வந்திச்சி. புள்ளயக் கூட்டிக்கி வந்து படுத்தன். நித்திரயாப் போயித்தன்," என்றாள் தங்கச்சி.

வயிற்றுப்பிள்ளைக்காரி. எல்லோரும் நம்பினார்கள். "ராத்தாட்ட ஒரு சொல்லுச் செல்லிட்டு வந்திரிக்கலாமே," என்று மட்டும் ஒருவர் சொன்னார். பிறகு எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. என்னிடம் பாரம் கொடுத்த பிள்ளையைப் பார்க்காமல் பூவுக்குள் நின்றவள் நான். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது.

தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆட்கள் கலைந்து, அவள் புருஷன் அஸருக்குப் பள்ளிக்குப் போனதும் நான் வேலியைக் கடந்து போனேன். அவள் அறையில் கட்டிலில் இருந்தாள். பிள்ளை பக்கத்தில் கிடந்தது. அதன் வலது காலில் கணுக்கால்வரை கறுப்புக் களி காய்ந்து வெடித்திருந்தது.

"நீ நித்திர கொள்ளல்ல," என்றேன்.

அவள் மறுக்கவில்லை. பிள்ளையின் காலைத் தடவினாள்.

"உடுப்புக் கழுவுற சவுக்காரத்த மறந்து போயித்தன். எடுக்க வந்தன். இவ தண்ணிக்குள்ள ஒரு கால வச்சிக்கி நிக்கிறா. சிரட்ட தள்ளிப் போகுது, அத எட்டிப் புடிக்கக் குனியிறா. நீங்க அந்தப் பக்கம் முதுகக் காட்டிக்கி நிக்கிறீங்க."

"கூப்பிட்டிருக்கலாமே."

"வாயில சத்தம் வரல்ல. ஓடிப்போய்த் தூக்கினன். தூக்கிக்கி அந்த எடத்துலயே நிண்டன் ராத்தா. இப்பத் திரும்புவீங்க, இப்பத் திரும்புவீங்க எண்டு நிண்டன். எண்ணத் தொடங்கினன். நூறு வரைக்கும் எண்ணினன்."

நான் பிள்ளையின் களி காய்ந்த காலைப் பார்த்தேன்.

"நீங்க திரும்பல்ல. அப்பதான் எனக்கு நெஞ்சு எரிஞ்சிச்சி. நான் ஒவ்வொரு நாளும் படுற பயத்த இவவும் ஒருக்காப் படட்டும் எண்டு நெனச்சன். கொஞ்ச நேரம். புள்ளயோட வேலிக்கி இந்தப் பக்கம் வந்து மறைஞ்சி, நீங்க தேடி வேலியடிக்கு வந்தா குடுப்பம் எண்டுதான் நிண்டன். நீங்க வேலிப் பக்கம் வரவேயில்ல. தண்ணிக்குள்ள எறங்கித்தீங்க." அவள் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க கத்தினதும் பயந்து போய்க் கதவப் பூட்டித்தன். மறுகா ஆக்கள் வந்தாங்க. ஆம்பிளயள் குதிக்கிற சத்தம் கேட்டிச்சி. எப்பிடி வெளிய வாற? என்னெண்டு செல்லி வாற? வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பினன்."

அடிக்க வேண்டும் போலிருந்தது. என் கையிலும் தொடையிலும் முள் கீறிய இடமெல்லாம் எரிந்தன. தண்ணீருக்குள் நான் நின்ற நேரம் முழுவதும் அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அதை மன்னிக்க முடியாது என்று நினைத்தேன். அதே மூச்சில் இன்னொன்றும் தெரிந்தது. நூறு எண்ணும்வரை நான் திரும்பவில்லை. அவள் சவுக்காரத்தை மறக்காமல் கொண்டு போயிருந்தால், காலில் தட்டுப்பட்டது கிழங்குக் கட்டையாக இருந்திராது.

"ஆரிட்டயும் செல்லாத," என்றேன். "அவருக்கும் செல்லாத."

வீட்டுக்கு வந்து குளித்தேன். அன்று என்னால் சோறு தின்ன முடியவில்லை.

இரண்டாம் நாள் என் புருஷன் செய்தி கேட்டு வயலிலிருந்து வந்தார். ஊரில் சொன்ன கதைதான் அவருக்கும் சொன்னேன். "கிடங்க மூடுங்க," என்றேன். ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டில் பூட்டிக்கொண்டு போனார். கடற்கரை மணலும் வயல் களியுமாகப் பதினைந்து நாள் ஏற்றி வந்து கொட்டினார். மூடுவதற்கு முன் இலைக்காரியைக் கூப்பிட்டு, கிழங்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவ சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கழுவி அடுக்கினா. கடைசியில் ஒரு துண்டை என்னிடம் நீட்டினா. "ஒரு சாடிக்குள்ளயாவது வைங்க," என்றா. வேண்டாம் என்றேன். குசினிப் பக்கம் இருந்த பழைய மண்சாடிக்குள் அவவே களியைப் போட்டு, கிழங்கை வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனா. நான் அதற்குத் தண்ணீர் விட்டேன். பார்க்க விரும்பவில்லை, ஆனால் விட்டேன்.

அடுத்த ஐந்து மாதமும் எனக்கு லேசாக இருக்கவில்லை. கலியாண வீடுகளில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை நான் இருக்கிற பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்துக்கொள்வார்கள். ஒருத்தி என் காதுபட, "அல்லாஹ் ஆருக்குக் குடுக்கணும், ஆருக்குக் குடுக்கப்படாது எண்டு அவனுக்குத் தெரியும்," என்றாள். தங்கச்சி பக்கத்தில்தான் இருந்தாள். கையிலிருந்த வெற்றிலையை மடித்து மடித்து நார்நாராக்கினாள். என்னைப் போலவே அவளும் வாய் திறக்கவில்லை. வேலியில் இருந்த புகுவழியை அவள் புருஷன் அடைத்துவிட்டார். பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'பீம்மா' என்று கூப்பிடும். நான் கேட்காதது போல உள்ளே போய்விடுவேன்.

மாரி தொடங்கின கையோடு அவளுக்கு வலி கண்டது. மருத்துவிச்சி வந்துவிட்டா. நான் என் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. திடீரென்று வேலி முறிகிற சத்தம் கேட்டது. அவள் புருஷன் தான் கட்டிய கம்பைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மதினி, வாங்க. ஒங்களத்தான் கேக்கிறா. வேற ஆரும் வேணாமாம்."

உள்ளே போனேன். தங்கச்சி என் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் நகம் இறங்கியது. மருத்துவிச்சியும் கேட்க, கதவடியில் நின்ற புருஷனும் கேட்க, மூச்சுக்கு மூச்சு விட்டுச் சொன்னாள்.

"நித்திரயில்ல... அண்டைக்கி நித்திரயில்ல. நான்தான் ஒளிச்சி வச்சன். இந்தப் பொய்ய வயித்துல வச்சிக்கி மௌத்தாக எனக்கு ஏலா."

"மௌத்தாகமாட்டாய். கதைக்காம முக்கு," என்றா மருத்துவிச்சி.

ஆண்பிள்ளை. இருவரும் சுகம். ஒரு கிழமை கழித்து, காலையில் அவள் புருஷன் என் கடப்பில் வந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திரும்பிப் போய்விட்டார். பின்னேரம் ஒரு தள்ளுவண்டிலில் செங்கல்லும் சீமெந்தும் வந்து இறங்கியது. தையல்காரர் அவர், கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. மேசனையும் கூப்பிடாமல், வெள்ளிக்கிழமைகளில் தானே வந்து கல்லடுக்கி, என் குசினிப் பக்கம் ஒரு தொட்டி கட்டினார். இடுப்பளவு உயரம். மேலே இரும்புக் கம்பி வைத்து ஒரு மூடியும் செய்தார். முதல் தடவை தண்ணீர் விட்டபோது இரண்டு மூலையாலும் ஒழுகியது. மூன்று தடவை பூசிய பிறகுதான் நின்றது. சாடிக்குள் இருந்த கிழங்கை நான் அதற்கு மாற்றினேன்.

பிள்ளைப்பேற்று நாற்பது கழிந்து இரண்டு நாளில் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். வேலியில் புதிதாக ஒரு வாசல் வைத்திருந்தார்கள். கைப்பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். மூத்தவளைப் பக்கத்தில் இருத்தினாள்.

"சந்தைக்கிப் போயிட்டு வாறன் ராத்தா," என்றாள்.

"நான் பாக்கிறன் எண்டு நம்புறியா?"

"ஒங்களத் தவிர ஆர நம்புற?"

சொல்லிவிட்டுப் போனாள். கடப்படியில் ஒரு கணம் அவள் கால் தயங்கியதை நான் கண்டேன். பிறகு தெருவில் இறங்கிவிட்டாள். நான் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. மடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று. அடுப்பில் உலை கொதித்துப் பொங்கி ஊற்றி, நெருப்பு அணைந்து போகிற சத்தமும் கேட்டது. அதற்கும் எழும்பவில்லை.